அதிர்வெண்ணை அவசரப்பட்டு எழுதாதே

கண்ணு,

நீ முதல் முறையாக ஒரு பவர் கன்வெர்ட்டரைச் சொந்தமாக வடிவமைக்க உட்கார்ந்திருக்கிறாய். ஃபெரைட் கோர் வாங்கியாயிற்று, மாஸ்ஃபெட் வாங்கியாயிற்று, எத்தனை கிலோஹெர்ட்ஸில் ஓட்டட்டும் என்று கேட்கிறாய். ஒரே எண்ணில் பதில் சொல்லிவிடலாம். சொன்னால் இந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஓடும், அடுத்ததற்கு நீ மறுபடி என்னைத் தேடி வர வேண்டியிருக்கும். நான் எப்போதும் இருக்கப்போவதில்லை. அதனால் அந்த எண்ணை நீயே எட்டுவதற்குத் தேவையான பழக்கங்களை எழுதித் தருகிறேன். பேச வசதியாக ஓர் உதாரணத்தையும் வைத்துக்கொள்வோம்: 220 வோல்ட் ஏசியை நேராக்கினால் கிடைக்கும் 310 வோல்ட் டிசி, அதில் ஓடும் ஹாஃப் பிரிட்ஜ், என்87 ஃபெரைட்டில் ஈடிடி 39 கோர்.

1. முதல் வரியில் அதிர்வெண்ணை எழுதாதே. புதிதாக வருகிறவர்களின் நோட்டைத் திறந்தால் தலைப்புக்குக் கீழே 100 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் இருக்கும். ஏன் 100 என்று கேட்டால் பதில் வராது. முழு எண்ணாக இருக்கிறது, அவ்வளவுதான். நீ முதலில் எழுத வேண்டியவை வேறு. எவ்வளவு வாட் வெளியே போக வேண்டும்? பெட்டிக்குள் எவ்வளவு வாட் சூட்டைத் தாங்கலாம்? மின்விசிறி உண்டா? கையில் இருப்பது எந்தக் கோர்? வைண்டிங் போடப்போவது யார்? இவற்றுக்கெல்லாம் பதில் எழுதி முடிக்கும்போது அதிர்வெண்ணுக்கான இடம் தானாகச் சுருங்கி வந்திருக்கும். அப்போது பென்சிலால் எழுது.

2. உயர்த்துவதால் என்ன கிடைக்கிறது என்பதை மனசுக்குள் தெளிவாக வைத்துக்கொள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ரயில்கள் 16.7 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுகின்றன. அதே திறனுக்கு, 50 ஹெர்ட்ஸில் ஓடும் நம் ரயில் எஞ்சினில் இருப்பதைவிட அவர்களுடைய டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருந்தாக வேண்டும். விமானத்தில் எடை முக்கியம் என்பதால் 400 ஹெர்ட்ஸ் வைத்திருக்கிறார்கள். காரணம் ஒன்றுதான். கோரைக் குழாயடியில் வைத்த குடமாக நினைத்துக்கொள். வோல்டேஜ் என்பது குழாயின் வேகம், அரைச் சுழற்சி என்பது குழாய் திறந்திருக்கும் நேரம். நேரம் குறைந்தால் சின்னக் குடம் போதும். நேரம் நீண்டால் குடம் வழியும். அதைத்தான் சாச்சுரேஷன், அதாவது தெவிட்டுதல், என்கிறோம். வழிந்த பிறகு கோர் இருந்தும் இல்லாததற்குச் சமம். மின்னோட்டத்தைத் தடுக்க எதுவும் இல்லாமல் மாஸ்ஃபெட் நேராக அடி வாங்கும். கணக்கு எளிதானது: வோல்டேஜை, அதிர்வெண், சுற்று, கோரின் குறுக்குப் பரப்பு ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்து, வந்ததை நாலால் வகுத்தால், சதுர அலைக்கான உச்ச காந்தப் பாய அடர்த்தி கிடைக்கும். நம் உதாரணத்தில் பிரைமரிக்கு 310இல் பாதியான 155 வோல்ட், பரப்பு 125 சதுர மில்லிமீட்டர், 100 கிலோஹெர்ட்ஸ், 31 சுற்று. விடை 100 மில்லிடெஸ்லா. இதைக் கால்குலேட்டரில் மட்டும் போடாதே, ஒரு முறை கையால் போட்டுப் பார். கையால் போட்ட கணக்குதான் தப்பு நடக்கிற நேரத்தில் ஞாபகம் வரும்.

3. சூடாகிறது என்றதும் அதிர்வெண்ணில் கை வைக்காதே. இந்த ஒன்றை மட்டுமாவது நீ மறக்கக்கூடாது. பேட்டரி சார்ஜர் செய்யும் ஒரு பட்டறையில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். டிரான்ஸ்ஃபார்மர் தொட முடியாத சூடு. அதிக வேகத்தில் அடிக்கிறது, அதனால்தான் சுடுகிறது என்று அவனுக்குத் தோன்றியது. பிரீசெட்டைத் திருகி அதிர்வெண்ணை இறக்கினான். சூடு கூடியது. இன்னும் இறக்கினான். பட்டென்று இரண்டு மாஸ்ஃபெட்டும் போயின. அவன் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் பாதி நியாயம். சுற்றை மாற்றாமல் 100 கிலோஹெர்ட்ஸை 50 ஆக இறக்கினால் பாய அடர்த்தி 200 மில்லிடெஸ்லாவாக இரட்டிக்கும். இந்த வகை ஃபெரைட்டில் கோர் இழப்பு அதிர்வெண்ணின் ஏறத்தாழ 1.4 அடுக்காகவும், பாய அடர்த்தியின் ஏறத்தாழ 2.6 அடுக்காகவும் வளர்கிறது. ஒரு பக்கம் குறைவது கொஞ்சம், மறுபக்கம் கூடுவது நிறைய. மொத்தத்தில் கோரின் சூடு இரண்டு மடங்குக்கும் மேலே போகும். 25 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 400 மில்லிடெஸ்லா. என்87 ஃபெரைட் 100 டிகிரிச் சூட்டில் தாங்குவது 390 அளவில்தான். அந்தப் பையனின் பட்டறையில் நடந்தது இதுதான்.

அவன் செய்திருக்க வேண்டியது, சுடுவது எது என்று முதலில் கேட்பது. கோரா, கம்பியா? செகண்டரியைக் கழற்றிவிட்டு, முழு டூட்டியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார். அப்போதும் சுட்டால் கோர். லோடு கொடுத்த பிறகு மட்டும் சுட்டால் பெரும்பாலும் கம்பி. கோர்தான் என்றால், சுற்றைக் கூட்டலாம், அதிர்வெண்ணை உயர்த்திக்கூடப் பார்க்கலாம். கம்பி என்றால் கதை வேறு. வைத்தியம் பார்ப்பதற்கு முன் நோயைக் கேட்கும் பொறுமை இருக்கிறவனுக்குத்தான் இந்தத் தொழில் கைகூடும். பையன் பிறகு நல்ல வடிவமைப்பாளனாக வந்தான். பிரீசெட்டைத் தொடுவதற்கு முன்பு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு யோசிப்பான்.

4. வைண்டிங் போடுகிறவரிடம் போய் உட்கார். கம்பியின் கதையைப் புத்தகத்தில் படிக்கலாம். 100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் 0.2 மில்லிமீட்டர் சொச்சம் ஆழத்துக்குள்தான் ஓடும். ஆகவே 27 கேஜைவிடத் தடித்த ஒற்றைக் கம்பியின் நடுப்பகுதி வீண். இது தெரிந்ததும் புதியவர்கள் மெல்லிய கம்பியில் அடுக்கு மேல் அடுக்காகச் சுற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அடுக்குகள் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்றின் மேல் ஏற்றி, மின்னோட்டத்தை ஓரத்துக்குத் தள்ளுவது அவர்கள் கண்ணில் படுவதில்லை. டவல் என்பவர் 1966இல் இதைக் கணக்காக எழுதிவைத்தார். எனக்கு அது புரிந்தது ஒரு வைண்டிங் கூடத்தில். அங்கே வேலை பார்த்த அக்கா ஒருவர், பிரைமரியைப் பாதி சுற்றி, மேலே செகண்டரியைச் சுற்றி, மீதிப் பிரைமரியை அதற்கும் மேலே போட்டார். ஏன் அப்படி என்று கேட்டேன். “இப்படிப் போட்டால் திரும்பி வருவதில்லை, மற்றது கருகி வருகிறது” என்றார். டவலின் சமன்பாடு சொல்வதும் அதைத்தான். அந்த அக்காவின் கை சொன்னதை மதிக்காமல் சமன்பாட்டை மட்டும் மதித்திருந்தால் எனக்கு இரண்டுமே கிடைத்திருக்காது.

அதிர்வெண்ணை உயர்த்த உயர்த்தத் தோல் மெலியும், லிட்ஸ் வயர் தேவைப்படும், லிட்ஸ் வயரின் இழைகளைச் சுத்தமாக ஈயம் பிடிக்க வைக்கும் கை தேவைப்படும். அந்தக் கை உன்னிடமோ உன் பட்டறையிலோ இல்லையென்றால், காகிதத்தில் கிடைத்த லாபம் ஈயப் பற்றிலேயே போய்விடும்.

5. மாஸ்ஃபெட்டையும் கேள். அது ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கொஞ்சம் ஆற்றலைச் சூடாக்கி விடுகிறது. ஒரு சுழற்சிக்கு 50 மைக்ரோஜூல் என்று வை. 100 கிலோஹெர்ட்ஸில் 5 வாட், 200 கிலோஹெர்ட்ஸில் 10 வாட். கோரைச் சின்னதாக்கி மிச்சம் பிடித்த இடத்தை ஹீட்சிங்க் வந்து பிடித்துக்கொள்ளும். ஒருவர் மிச்சம் பிடிப்பதை இன்னொருவர் தலையில் கட்டும் குடும்பம் முன்னேறியதாக நான் பார்த்ததில்லை. அதிர்வெண்ணை எப்போதும் மொத்தப் பெட்டிக்கும் சேர்த்துத்தான் யோசி.

6. மிகச் சிறந்த எண்ணைத் தேடி அலையாதே. கோர் இழப்பு, செம்பு இழப்பு, ஸ்விட்சிங் இழப்பு மூன்றையும் கூட்டி வரைபடம் போட்டால் அடிப்பகுதி கூர்மையாக இருக்காது. பெரும்பாலும் அகலமான பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்தாலும் மொத்த இழப்பு அதிகம் மாறாது. கணினியில் சிமுலேஷன் போட்டு 93.4 கிலோஹெர்ட்ஸ் என்று முடிவு கண்டவர்களுக்கு அந்த அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கெப்பாசிட்டரே 5 சதவீதம் முன்பின்னாகத்தான் வரும். பள்ளம் எங்கே என்று தெரிந்தால் போதும். அதற்குள் உனக்கு வசதியான இடத்தில் நின்றுகொள். தேடலில் மிச்சமாகும் நேரத்தைச் சூட்டை வெளியேற்றுவதற்குச் செலவிடு.

7. டேட்டாஷீட்டின் அடிக்குறிப்பு வரை படி. என்87 ஃபெரைட்டுக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 375 மில்லிவாட் இழப்பு என்று போட்டிருப்பார்கள். எந்த நிலையில் என்று பார்: 100 கிலோஹெர்ட்ஸ், 200 மில்லிடெஸ்லா, 100 டிகிரி. ஈடிடி 39 கோரின் கொள்ளளவு 11.5 கன சென்டிமீட்டர், ஆக நாலு வாட்டுக்கு மேல் கோரே சூடாக்கும். அதே கோரை நம் உதாரணப்படி 100 மில்லிடெஸ்லாவில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு. எத்தனை வித்தியாசம் பார். இன்னொன்றையும் கவனி. பவர் ஃபெரைட்டின் இழப்பு அறைச் சூட்டில் அதிகம், 80 முதல் 100 டிகிரி அளவில்தான் மிகக் குறைவு. அந்தச் சூட்டில் வேலை செய்வதற்கென்றே அதன் கலவையைச் செய்திருக்கிறார்கள். கையில் கொஞ்சம் சுடுவதைக் கண்டு பதறாதே. 100 டிகிரியைத் தாண்டி ஏறினால் இழப்பும் கூட ஏறும், ஏறிய இழப்பு மேலும் சுடவைக்கும், அங்கே பதறு.

இந்த இழப்புக் கணக்கின் மூலவர் சார்ல்ஸ் ஸ்டெய்ன்மெட்ஸ், 1892இல் எழுதியவர். அப்போது ஃபெரைட்டே கிடையாது. கட்டோவும் தாக்கேயும் டோக்கியோவில் அதை உருவாக்கியது 1930இல். ஸ்டெய்ன்மெட்ஸ் இரும்புத் தகடுகளைப் பொறுமையாக அளந்து, கிடைத்த எண்களுக்குப் பொருந்தும் அடுக்கைக் கண்டார். அளந்து பெற்ற சூத்திரம் அளந்த எல்லைக்குள்தான் உண்மை பேசும். டேட்டாஷீட்டில் இருப்பது சைன் அலைக்கான எண்கள். உன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுவது சதுர அலை. அதற்காகச் சூத்திரத்தைத் திருத்தி எழுதிய வேலை 2002இல் வந்தது, நீ வளர்ந்த பிறகு அதையும் படி. இப்போதைக்குக் கணக்குக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வை.

8. கோர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதை நம்பாதே. சென்னை ரிச்சி தெருவில் கருப்பாக, ஈடிடி வடிவில், எந்த எழுத்தும் இல்லாமல் குவியலாகக் கிடைக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். உள்ளே இருப்பது பவர் ஃபெரைட்டாக இருக்கலாம், இரைச்சல் வடிகட்டும் சோக்குக்கான உயர் பெர்மியபிலிட்டி ஃபெரைட்டாகவும் இருக்கலாம். இரண்டாவது சீக்கிரம் தெவிட்டும், சூட்டையும் குறைவாகத்தான் தாங்கும். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து எடுக்கும் மஞ்சளும் வெள்ளையுமான வளையம் ஃபெரைட்டே அல்ல, இரும்புத் தூள். அதில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றாதே. பத்துச் சுற்றுப் போட்டு எல்சிஆர் மீட்டரில் வைத்துப் பார். இடைவெளி இல்லாத என்87 ஈடிடி 39 என்றால் ஏறத்தாழ 270 மைக்ரோஹென்றி காட்டும். பல மடங்கு குறைவாக வந்தால் நடுக்காலில் இடைவெளி அரைத்த ஃப்ளைபேக் கோர். மிக அதிகமாக வந்தால் சோக் வகையாகச் சந்தேகப்படு. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு உன்னுடையது.

9. ஐசி எந்த அதிர்வெண்ணைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள். எஸ்ஜி3525, டிஎல்494 இரண்டிலும் புஷ்புல்லாகப் பயன்படுத்தும்போது ஆசிலேட்டர் ஓடுவதில் பாதி அதிர்வெண்தான் கோருக்குப் போகும். யூசி3842இல் அப்படியில்லை, யூசி3844இல் மறுபடியும் பாதி. கணக்கில் 100 எழுதி, கோரில் 50 ஓட்டுகிற தவறு இங்கேதான் நுழைகிறது. வைண்டிங்கின் இரு முனையில் ஸ்கோப் வைத்துப் பார்த்த எண்தான் எண்.

10. பக்கத்து வீட்டை நினைத்துக்கொள். நீ செய்யும் கருவி மின்கம்பி வழியாக இரைச்சலை ஊருக்குள் அனுப்பும். சர்வதேச விதிகள் கம்பி வழி இரைச்சலைப் பெரும்பாலான கருவிகளுக்கு 150 கிலோஹெர்ட்ஸில் இருந்து அளக்கின்றன. சந்தையில் இத்தனை ஐசிகள் 65 கிலோஹெர்ட்ஸில் வருவதற்கு இது ஒரு காரணம்: அடிப்படை 65, இரண்டாம் மடங்கு 130, இரண்டும் எல்லைக்குக் கீழே. 100 வைத்தால் இரண்டாம் மடங்கு 200, வடிகட்டி பெரிதாகும். கீழ்ப்பக்கம் 20 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்காதே. காது கேட்கும், குழந்தைகளுக்கு இன்னும் கூர்மையாகக் கேட்கும். சோதனைக்கூடத்துக்குப் போகாத கருவிதானே என்று ஒருவர் வடிகட்டியை எடுத்துவிட்டு விற்றார். அந்தத் தெருவில் ஒரு முதியவர் மத்திய அலையில் சாயங்காலச் செய்தி கேட்பதை நிறுத்தினார். யாரும் புகார் செய்யவில்லை. புகார் வராத கெடுதலைத்தான் நாமே கவனித்தாக வேண்டும்.

11. புதியதை வியந்து பார், ஆனால் வெட்கப்பட்டு அதன் பின்னால் ஓடாதே. காலியம் நைட்ரைடு வந்த பிறகு பல நூறு கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் என்று போகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சார்ஜர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. அவர்கள் ஸ்விட்சை மட்டும் மாற்றவில்லை. ஃபெரைட்டின் ரகத்தை மாற்றினார்கள், வைண்டிங்கைப் பல இடங்களில் போர்டின் செம்புத் தகட்டுக்குள்ளேயே கொண்டுபோனார்கள், வோல்டேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போது திறக்கும் சுற்றுவழிகளைக் கொண்டுவந்தார்கள். என்87 ரகத்துக்கு உற்பத்தியாளரே 500 கிலோஹெர்ட்ஸ் வரை என்றுதான் எல்லை போடுகிறார். பழைய கோரையும் பழைய கம்பியையும் வைத்துக்கொண்டு அதிர்வெண்ணை மட்டும் கடன் வாங்காதே. பாசன மோட்டார் கொட்டகையில், 45 டிகிரி வெயிலில், தூசிக்குள் ஓடப்போகிற ஒரு கருவிக்கு 65 கிலோஹெர்ட்ஸ் கண்ணியமான எண். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருப்பதைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை.

12. நம் உதாரணத்தின் 220ஐயோ மின்வாரியத் தாளில் இருக்கும் 230ஐயோ நம்பிக் கணக்கை முடிக்காதே. இரவில் லோடு குறைந்ததும் சில இடங்களில் 250ஐத் தாண்டும். அந்த நேரத்தில் நேராக்கிய வோல்டேஜ் 350க்கு மேல். உச்ச வோல்டேஜ், முழு டூட்டி, சூடான கோர் மூன்றும் ஒரே நேரத்தில் வந்தாலும் தெவிட்டாத இடத்தில் உன் அதிர்வெண்ணும் சுற்றும் நிற்க வேண்டும். கருவியை இயக்கிய முதல் சில சுழற்சிகளில் பாயம் பூஜ்யத்தில் இருந்து கிளம்பும், வழக்கமான உச்சத்தைப் போல இரண்டு மடங்கு வரை எட்டக்கூடும். உதாரணத்தில் நாம் 100 மில்லிடெஸ்லாவில் நின்றது கோழைத்தனம் அல்ல, இதற்காகத்தான்.

13. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது வீரம் காட்டாதே. சீரிஸில் 100 வாட் குண்டு பல்பைப் போடு. பல்பு மின்னி அடங்கினால் நல்லது; நின்று எரிந்தால் உடனே அணை. அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கும். மீட்டரில் அளந்து, வடிந்ததை உறுதி செய்த பிறகே கை வை. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் 310 வோல்ட் பக்கம் போகாதே. அது நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

14. தேர்ந்தெடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுது. 65 கிலோஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதிய தாள், வருகிறவனுக்குப் பூட்டிய கதவு. கோர் எது, எந்த வோல்டேஜுக்கு எத்தனை மில்லிடெஸ்லா, கம்பி என்ன கேஜ், எத்தனை அடுக்கு, ஒரு மணி நேரம் முழு லோடில் ஓடிய பிறகு கோரும் கம்பியும் எத்தனை டிகிரி, அன்றைக்கு அறைச் சூடு என்ன, எதற்காக இதைவிட மேலே போகவில்லை, எதற்காகக் கீழே இறங்கவில்லை. இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். வைண்டிங் போட்டவர் பெயரையும் அதில் எழுது. பிறகு கோர் கிடைக்காமல் வேறு ரகத்துக்கு மாறும்போது, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்தத் தாள் சொல்லும். இப்போது போய்க் கையில் இருக்கும் கோரில் பத்துச் சுற்றுப் போட்டு, மீட்டர் என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுது.